அம்மாவுக்கு 100-க்கு 68: முதியோர் குடியிருப்பின் நலப் பரிசோதனை அறிக்கையை எப்படி வாசிப்பது?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். உங்கள் அம்மாவுக்கு 76 வயது. எட்டு மாதமாகக் கோவைப் பக்கம் ஒரு முதியோர் குடியிருப்பில் தனி வீட்டில் இருக்கிறார். சேர்ந்தபோது ஒருமுறை, இப்போது ஒருமுறை ‘வெல்னஸ் அசெஸ்மென்ட்’ எடுத்திருக்கிறார்கள். எட்டுப் பக்க அறிக்கை உங்கள் மின்னஞ்சலுக்கு வந்திருக்கிறது. கடைசிப் பக்கத்தில் மொத்தம் 68 மதிப்பெண். கீழே, ‘உதவியுடன் வாழும் பிரிவுக்கு மாற்றுவது நல்லது’ என்று ஒரு வரி; மாறினால் மாதக் கட்டணம் கூடும். இதை நம்பி மாற்றலாமா, அடுத்த வருடமும் பணம் கட்டி இந்தச் சோதனையை எடுக்க வேண்டுமா என்று கேட்கிறீர்கள்.

நான் பிசியோதெரபிஸ்ட். பதினைந்து வருடமாக வேலை முழுவதும் வயதானவர்களோடுதான். இப்படிப்பட்ட அறிக்கைகளை நானே எழுதியிருக்கிறேன், எழுதியவர்களோடு சண்டையும் போட்டிருக்கிறேன்.

முதல் வேலையாக அந்த 68-ஐப் பேனாவால் அடித்துவிடுங்கள். காது, கண், கால் பலம், ஞாபகம், மனநிலை, எடை என்று ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத அளவுகளைக் கூட்டி வகுத்து வந்த எண் அது. நன்றாகக் கேட்கிறது என்பதற்குக் கிடைத்த மதிப்பெண், கால் தளர்ந்துபோனதை ஈடுகட்டாது. அறிக்கையின் உள்ளே உள்ள அளவுகள் வேறு ரகம். அவை பெரும்பாலும் பல நாடுகளில் பல ஆயிரம் பேரிடம் சோதித்துப் பார்த்த அளவுகோல்கள். நீங்கள் எழுதிய எண்களில் மூன்று என் கண்ணில் பட்டன.

ஒன்று, நாற்காலியிலிருந்து எழுவது: 9. இது 30 விநாடிச் சோதனை. கைகளை மார்பின் மேல் குறுக்காகக் கட்டிக்கொண்டு, முப்பது விநாடிக்குள் எத்தனை முறை முழுதாக எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணுவார்கள். 75 முதல் 79 வயதுப் பெண்களுக்கு 10-க்குக் கீழே வந்தால் சராசரிக்குக் குறைவு, விழும் அபாயம் உண்டு என்று கணக்கு. கையை ஊன்றி எழுந்தால் கணக்கில் சேராது, பூஜ்யம் என்று எழுத வேண்டும். அம்மா கை ஊன்றினாரா என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பல இடங்களில் ‘பாவம், வயதானவர்’ என்று ஊன்ற விட்டு எண்ணிவிடுகிறார்கள்.

இரண்டு, எழுந்து நடந்து திரும்பும் சோதனை: 14 விநாடி. நாற்காலியிலிருந்து எழுந்து, வழக்கமான வேகத்தில் மூன்று மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்காரும் நேரம். 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் கவனிக்க வேண்டும். நேரத்தைவிட அந்த நடையைப் பார்த்தவருக்குத்தான் அதிகம் தெரியும்: திரும்பும்போது எத்தனை சிறு அடி வைத்தார், சுவரைத் தேடிக் கை போனதா, உட்காரும்போது தொப்பென்று விழுந்தாரா. நல்ல தெரபிஸ்ட் இதை ஓரத்தில் கிறுக்கி வைப்பார். உங்கள் அறிக்கையில் அப்படி எதுவும் இல்லை, எண் மட்டும்தான் இருக்கிறது.

மூன்றாவது எடை. அதைத்தான் அறிக்கை பச்சைக் கட்டத்தில் போட்டு ‘நார்மல்’ என்று தாண்டிப் போயிருக்கிறது. சேரும்போது 52 கிலோ, இப்போது 49. உயரத்தோடு வைத்துப் பார்த்தால் இரண்டு முறையும் பிஎம்ஐ நார்மல்தான், அதனால் பச்சை. ஆனால் எட்டு மாதத்தில், யாரும் முயற்சி செய்யாமல், உடம்பில் கிட்டத்தட்ட 6 சதவீதம் போயிருக்கிறது. ஆறு மாதம் முதல் ஒரு வருடத்துக்குள் 5 சதவீதத்துக்கு மேல் தானாக எடை குறைந்தால் காரணம் தேட வேண்டும் என்பது முதியோர் மருத்துவத்தின் பால பாடம். ‘மெலிஞ்சா நல்லதுதானே’ என்று நாம் நினைப்பது நாற்பது வயதுக்காரருக்குப் பொருந்தும். எழுபத்தைந்துக்கு மேல் தானாகப் போகும் எடையில் கொழுப்போடு தசையும் சேர்ந்து போகிறது. அவர் நாற்காலியிலிருந்து எழத் திணறுவதும் இதுவும் ஒரே கதையின் இரண்டு வரிகளாக இருக்கலாம்.

இந்தச் சோதனைகளைப் பற்றி நான் சொல்ல நினைப்பதே இதுதான். வயதானவரை ஊர் சராசரியோடு ஒப்பிடுவதில் கிடைப்பது கொஞ்சம். அவரையே அவரோடு, ஆறு மாதத்துக்கு முந்தைய அவரோடு ஒப்பிடும்போதுதான் விஷயம் வெளியே வரும். உலக சுகாதார நிறுவனமும் 2015-இல் வெளியிட்ட முதுமை அறிக்கையில் நோய்ப் பட்டியலை விட்டுவிட்டு, ஒருவரின் உள்ளார்ந்த திறன் எப்படி ஏறி இறங்குகிறது என்று பார்க்கச் சொன்னது. பின்னால் வந்த வழிகாட்டி அதை நடமாட்டம், உடல் ஊட்டம், அறிவாற்றல், மனநிலை, பார்வை–செவித்திறன் என்று ஐந்தாகப் பிரித்துக் கொடுத்தது. உங்கள் அறிக்கையின் தலைப்புகள்கூட அங்கிருந்து வந்தவைதான். தலைப்புகளை எடுத்துக்கொண்டவர்கள், இரண்டு அறிக்கைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் வேலையைச் செய்யவில்லை.

சரி, எடை ஏன் குறைந்தது? இதற்கு முதலில் டாக்டர் தேவை. தைராய்டு, காசநோய், புற்றுநோய், பல் பிரச்சினை எல்லாவற்றையும் ஒரு முறை சந்தேகப்பட்டுத் தள்ளுபடி செய்ய வேண்டும். அவர் பன்னிரண்டு வருடமாகச் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் எடுக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த மாத்திரை சிலருக்குப் பசியைக் குறைக்கும். நாள்பட எடுத்தால் வைட்டமின் பி12 குறையலாம், சைவம் சாப்பிடுபவர் என்றால் இன்னும் சீக்கிரம் குறையும். பி12 குறைந்தால் பாதம் மரத்துப்போகும், ஞாபகம் மங்கும், நடை தடுமாறும். ஆகவே பி12 பார்த்தாரா என்று கேளுங்கள். சர்க்கரையை இறுக்கிப் பிடித்து வைத்திருக்கிறார்களா என்பதையும் கேளுங்கள். இந்த வயதில் ஹெச்பிஏ1சி (இரண்டு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) 6.2 என்று வந்தால் வீட்டில் எல்லோரும் கைதட்டுவார்கள். எடை குறைந்துகொண்டிருக்கும் ஒருவருக்கு, அதிலும் சர்க்கரையைத் தாழ இறக்கிவிடும் கிளிபென்கிளமைட் போன்ற மாத்திரையும் உடன் இருந்தால், எனக்கு வயிற்றைக் கலக்கும்.

மாத்திரைகளைப் பற்றி இன்னும் ஒன்று. வயதானவர்களுக்குக் கூடியவரை தவிர்க்க வேண்டிய மருந்துகள் என்று ஒரு பட்டியல் உண்டு. 1991-இல் மார்க் பியர்ஸ் என்ற அமெரிக்க மருத்துவர் தலைமையில் தயாரானது. முதலில் அது நர்சிங் ஹோம்களில் இருப்பவர்களுக்கென்றே எழுதப்பட்டது என்பது பலருக்குத் தெரியாது. தூக்கத்துக்குக் கொடுக்கும் அல்பிரசோலம், டயசெபாம், நரம்பு வலிக்குக் கொடுக்கும் அமிட்ரிப்டிலின், சளிக்கும் அரிப்புக்கும் கடையிலேயே வாங்கிப் போடும் பழைய ரக அலர்ஜி மாத்திரைகள் எல்லாம் அதில் உண்டு. இரவில் பாத்ரூம் போகும்போது விழுந்தவர்களின் மாத்திரை டப்பாவைத் திறந்தால் இவற்றில் ஒன்று இருப்பதை எத்தனையோ முறை பார்த்துவிட்டேன். நலப் பரிசோதனை என்று சொல்லிக்கொண்டு மாத்திரை டப்பாவைக் கொட்டிப் பார்க்காதவர்கள் பாதி வேலையை விட்டுவிட்டார்கள். (இதைப் படித்துவிட்டு எந்த மாத்திரையையும் நீங்களாக நிறுத்த வேண்டாம். தூக்க மாத்திரையைத் திடீரென்று நிறுத்துவது தனி ஆபத்து.)

படுத்திருக்கும்போதும், எழுந்து நின்று மூன்று நிமிடத்துக்குள்ளும் பிபி பார்த்தார்களா? மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 இறங்கினால் எழுந்தவுடன் தலை சுற்றும். ஐந்து நிமிட வேலை, காசு கிடையாது. உங்கள் அறிக்கையில் உட்கார்ந்த நிலையில் எடுத்த பிபி மட்டும் இருக்கிறது.

இப்போது சாப்பாடு. முதியவர்களுக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை புரதம் வேண்டும் என்பது 2013 முதல் நிபுணர் குழுக்கள் சொல்லிவரும் அளவு. சிறுநீரகப் பிரச்சினை இருந்தால் டாக்டரைக் கேட்டுக் குறைக்க வேண்டும். அம்மாவுக்கு என்றால் நாளைக்கு 50 முதல் 60 கிராம். இரண்டு இட்லியில் நாலு கிராம் தேறினால் பெரிது. பொதுச் சாப்பாட்டுக்கூடத்தில் காலையில் இட்லி, மதியம் சாதமும் தண்ணீராய் ஒரு சாம்பாரும், இரவு ரவை உப்புமா என்றால் கணக்கு பாதிகூட வராது. ஒரு முட்டையில் ஆறு கிராம், ஒரு டம்ளர் பாலில் ஆறேழு கிராம், ஒரு கைப்பிடி சுண்டலில் கொஞ்சம். இப்படித்தான் கூட்டிச் சேர்க்க வேண்டும். சாயங்காலம் காபிக்குப் பக்கத்தில் வைக்கும் பிஸ்கட்டை எடுத்துவிட்டுச் சுண்டல் வைத்த ஒரு குடியிருப்பை எனக்குத் தெரியும். பல் இல்லாதவர்களுக்கு மசித்துக் கொடுத்தார்கள். நான் பார்த்த நலத் திட்டங்களில் அதற்கு இணையானது வேறில்லை.

அம்மா சாப்பாட்டுக்கூடத்துக்கே போகாமல் இருக்கலாம் என்பதையும் யோசியுங்கள். நான் பார்த்த ஒரு பாட்டி இரவுச் சாப்பாட்டை அறைக்கே வரவழைத்துப் பாதியை வைத்துவிடுவார். மனச்சோர்வு என்று எழுதி வைத்திருந்தார்கள். விஷயம் காது. பெரிய கூடம், எவர்சில்வர் தட்டுச் சத்தம், ஃபேன் சத்தம், எட்டுப் பேர் பேச்சு. பக்கத்தில் இருப்பவர் கேட்பது புரியாமல் இரண்டு முறை ஏதோ பதில் சொல்லி, மேசையில் சிரிப்பு வந்திருக்கிறது. அதற்குப் பிறகு போகவில்லை. ஓர மேசைக்கு மாற்றி, காதுக் கருவியும் பொருத்திய பிறகு இரண்டு வாரத்தில் கூடத்துக்கு வந்துவிட்டார். காது கேட்கும் திறன் குறைவதை மறதி நோயின் அபாயக் காரணிகளில் ஒன்றாக இப்போது வைத்திருக்கிறார்கள். 2023-இல் வெளிவந்த ஒரு பெரிய அமெரிக்க ஆய்வில், காதுக் கருவி கொடுத்தது எல்லோருக்கும் அறிவாற்றல் சரிவைத் தடுக்கவில்லை. ஏற்கெனவே அபாயம் கூடியவர்களில் மூன்று வருடத்தில் சரிவை ஏறக்குறைய பாதியாகக் குறைத்தது. அந்த ஆய்வை விடுங்கள், பக்கத்து மேசைக்காரரோடு பேச முடிகிறது என்பதே போதுமான காரணம் என்பேன்.

ஞாபகச் சோதனையில் ‘லேசான குறைபாடு’ என்று போட்டிருப்பதைப் பார்த்துப் பயந்திருக்கிறீர்கள். கொஞ்சம் பொறுங்கள். மூன்று சொற்களைச் சொல்லி, ஒரு கடிகாரம் வரையச் சொல்லி, பிறகு அந்தச் சொற்களைத் திரும்பக் கேட்பது ஒரு வகை. முப்பது மதிப்பெண்ணுக்கு நீளமாகக் கேட்பது இன்னொரு வகை. எல்லாமே சலித்தெடுக்கும் சோதனைகள். நோய் இருக்கிறது என்று தீர்ப்புச் சொல்ல இவற்றால் ஆகாது. எழுத்தறிவும் பள்ளிப் படிப்பும் இவற்றில் பெரிதாகக் குறுக்கே வரும். படிக்காத கிராமத்து முதியவர்களிடம் ஆங்கில வினாத்தாள் எடுபடவில்லை என்பதால்தான் தொண்ணூறுகளில் ஹரியானாவின் பல்லப்கரில் இந்தியில் தனியாக ஒன்றை உருவாக்கினார்கள். அம்மா எத்தனாவது வரை படித்தார், எந்த மொழியில் கேட்டார்கள், கண்ணாடி போட்டிருந்தாரா என்பதெல்லாம் எழுதாத ஞாபக மதிப்பெண் பாதி மதிப்பெண்தான். ஒரு ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், ‘இன்னைக்கு என்ன கிழமை’ என்று ஒரு சின்னப் பெண் கேட்டதும், ‘உனக்குத் தெரியலைன்னா காலண்டரைப் பாரும்மா’ என்று எழுந்து போய்விட்டார். ‘ஒத்துழைக்கவில்லை’ என்று எழுதி மதிப்பெண்ணைக் குறைத்திருந்தார்கள். எனக்குத் தெரிந்து அவருடைய அறிவு அன்று கூர்மையாகவே வேலை செய்தது.

மனநிலை ‘நன்று’ என்று வந்திருக்கிறது, அதையும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். பதினைந்து கேள்விகள் கொண்ட முதியோர் மனச்சோர்வு அளவுகோல் நல்ல கருவிதான், ஐந்துக்கு மேல் போனால் கவனிக்க வேண்டும். ஆனால் அதில், வெளியே போவதைவிட வீட்டில் இருப்பதே பிடிக்கிறதா என்று ஒரு கேள்வி வரும். வாழ்நாள் முழுக்க வீட்டோடு இருந்த நம் அம்மாக்களில் பாதிப் பேர் எந்தச் சோர்வும் இல்லாமலே ‘ஆமா’ என்பார்கள். இன்னொரு பக்கம், அடுத்த வீட்டு மாமி காதில் விழும் தூரத்தில் உட்கார வைத்து வாழ்க்கை திருப்தியா என்று கேட்டால், ‘எனக்கென்ன குறை, பையன் நல்லா வெச்சிருக்கான்’ என்பதைத் தவிர வேறென்ன பதில் வரும்? தனியறையில், அவசரமில்லாமல் கேட்டார்களா என்று விசாரியுங்கள். கணவர் போய் இரண்டு வருடம்கூட ஆகவில்லை, வீட்டை விற்றுவிட்டு வந்தவர் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். எடை குறைவதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

இனி அந்தப் பரிந்துரைக்கு வருகிறேன். உதவியுடன் வாழும் பிரிவுக்கு மாற்றலாமா? நீங்கள் கொடுத்த தகவல்படி, வேண்டாம். ஒருவருக்கு ஆள் துணை எவ்வளவு தேவை என்பதைச் சொல்லும் பகுதி அறிக்கையின் ஆறாம் பக்கத்தில் இருக்கிறது: குளிப்பது, உடுத்துவது, கழிவறை போவது, படுக்கையிலிருந்து எழுவது, சிறுநீர்–மலக் கட்டுப்பாடு, சாப்பிடுவது. 1963-இல் கேட்ஸ் என்ற மருத்துவர் வகுத்த அளவுகோல், ஆறுக்கு ஆறு வாங்கியிருக்கிறார் உங்கள் அம்மா. போன், மாத்திரை, பணம் கையாளுவதிலும் தடங்கல் இல்லை. ஆறையும் தானே செய்பவருக்கு ஆளை வைத்துச் செய்ய வைத்தால், அந்தத் திறனும் சீக்கிரம் போய்விடும். நடக்கத் தெரிந்தவரை வீல்சேரில் தள்ளிக்கொண்டு போவதைப் போன்றது அது. மதிப்பீடு செய்பவருக்கும் கட்டணம் வசூலிப்பவருக்கும் ஒரே அலுவலகம் என்றால், கெட்ட எண்ணம் யாருக்கும் இல்லாவிட்டாலும் பரிந்துரை ஒரு பக்கம் சாயும். வெளியிலிருந்து ஒரு முதியோர் மருத்துவரிடம் இந்த அறிக்கையைக் காட்டிவிட்டு முடிவெடுங்கள். நம் நாட்டில் இந்தத் துறை சென்னை மருத்துவக் கல்லூரியில்தான் 1978-இல் தொடங்கியது. இன்றும் முதியோர் மருத்துவர்கள் குறைவு, கோவையில் கேட்டுத் தேடினால் கிடைப்பார்கள். இல்லையென்றால் பொறுமையான ஒரு பொது மருத்துவர் போதும்.

இந்த மதிப்பீடு என்ற விஷயமே எங்கிருந்து வந்தது என்று யோசித்தால் எனக்குக் கொஞ்சம் வருத்தமாக இருக்கும். 1935-இல் லண்டனை ஒட்டிய வெஸ்ட் மிடில்செக்ஸ் மருத்துவமனையில் மார்ஜரி வாரன் என்ற மருத்துவர், பக்கத்து ஏழைகள் விடுதியின் நோயாளிகள் 700-க்கும் மேற்பட்டவர்களுக்குப் பொறுப்பேற்றார். பலர் வருடக்கணக்கில் படுக்கையில் கிடந்தவர்கள். இனி எழ மாட்டார்கள் என்று கைவிடப்பட்டவர்கள். ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பரிசோதித்து, யாருக்கு என்ன முடியும் என்று பிரித்து, பயிற்சி கொடுத்து நடமாட வைத்தார். பலர் வீடு திரும்பினார்கள். மதிப்பீடு தொடங்கியது ஆட்களை எழுப்பி வெளியே அனுப்புவதற்காக. 1993-இல் லான்செட் இதழில் வந்த, 28 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு கட்டுரையும் இதையே வேறு விதமாகச் சொன்னது: பரிந்துரையை நிறைவேற்றும் பொறுப்பும் நீண்ட காலத் தொடர் கவனிப்பும் சேர்ந்த திட்டங்களே பலன் தந்தன.

அதனால் குடியிருப்பு நிர்வாகத்திடம் நீங்கள் கேட்க வேண்டியது, ‘ஒன்பது என்று எழுதிய பிறகு என்ன செய்தீர்கள், யார் செய்தார்?’ என்பதுதான். பதிலாக வர வேண்டியவை பெரிய காரியங்கள் அல்ல. வாரத்தில் மூன்று நாள் கால் பலத்துக்கும் நிலைப்புக்கும் பயிற்சி: நாற்காலியிலிருந்து எழுவது, குதிகாலைத் தூக்கி நிற்பது, கணுக்காலில் எடை கட்டி முழங்காலை நீட்டுவது, ஒரு பாதத்துக்கு முன் இன்னொரு பாதம் வைத்து நிற்பது. நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகம் இப்படி ஒரு பயிற்சித் தொகுப்பை உருவாக்கி, விழுவதைச் சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைத்துக் காட்டியது. சும்மா வளாகத்தைச் சுற்றி நடப்பது மனசுக்கு நல்லது, தசைக்குப் போதாது. அதோடு மாதம் ஒருமுறை அதே தராசில் எடை, பாத்ரூமில் கைப்பிடிக் கம்பி, இரவில் கட்டிலருகே விளக்கு.

சின்னதாக ஒன்று. அறிக்கை உங்களுக்கு வந்தது, அம்மாவிடம் யாராவது காட்டினார்களா? அது அவருடைய உடம்பு. மகன் வெளிநாட்டில் பணம் கட்டுகிறார் என்பதால் மகனுக்கு மட்டும் அனுப்புவது வழக்கமாகிவிட்டது. அவர் சம்மதம் கேட்டுத்தான் அனுப்ப வேண்டும். நீங்களும் அவரிடம், ‘அம்மா, உங்களுக்கு ஏன் எடை குறையுதுன்னு நினைக்கிறீங்க?’ என்று ஒரு முறை நேரடியாகக் கேட்டுப் பாருங்கள். டாக்டரும் நானும் ஊகிப்பதைவிட அவர் பதிலில் அதிகம் இருக்கும்.

அடுத்த வருடக் கட்டணத்தைக் கட்டலாம், சில நிபந்தனைகளோடு. மூன்றாவது மாதத்தில் நாற்காலிச் சோதனையும் எடையும் மட்டும் மறுபடி பார்க்க வேண்டும். அதே நாற்காலி, முடிந்தால் அதே ஆள், காலை உணவுக்குப் பிறகு அதே நேரம். பழைய எண்ணும் புதிய எண்ணும் பக்கத்தில் பக்கத்தில் இருக்க வேண்டும், மொத்த மதிப்பெண் வேண்டாம். ஒரு பிரதி தமிழில், பெரிய எழுத்தில், அம்மா கையில். இவற்றுக்கு அவர்கள் ஒப்புக்கொள்ளவில்லை என்றால், அந்தப் பணத்தை ஒரு பிசியோதெரபிஸ்ட்டுக்குக் கொடுத்து வாரம் இரண்டு முறை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள்.